ட்விஸ்ட்: ஆடும் முறையும், ஆடவைத்த ரெக்கார்டுகளும்

கீழே கிடக்கும் சிகரெட் துண்டை இரண்டு முன்பாதங்களாலும் நசுக்குங்கள். கூடவே, குளித்துவிட்டு வந்தவர் துண்டின் இரு முனையையும் பிடித்துப் பின்பக்கம் துடைப்பது போலக் கைகளை வீசுங்கள். இரண்டும் பாட்டின் தாளத்தோடு ஓடினால் அதுதான் ட்விஸ்ட். 1960-களில் இந்த நடனத்தைப் பிரபலமாக்கிய அமெரிக்கப் பாடகர் சப்பி செக்கர் அதைப் பல தடவை இப்படித்தான் விளக்கியிருக்கிறார். இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது. ஆனால் இதில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது: உடம்பின் எடை எங்கே நிற்க வேண்டும்? ட்விஸ்ட் ஆடி முழங்காலைப் பிடித்துக்கொண்டவர்களும், ஒரே பாட்டில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவர்களும் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். அது சரியாகிவிட்டால் பாக்கியை ரெக்கார்டுகளே சொல்லிக்கொடுத்துவிடும். அந்தக் காலத்து ட்விஸ்ட் பாட்டுகளுக்குள்ளேயே எப்போது சாய வேண்டும், எப்போது காலைத் தூக்க வேண்டும், எப்போது எழ வேண்டும் என்பதெல்லாம் இருக்கிறது. கேட்கத் தெரிந்தால் போதும்.

பி பக்கத்தில் கிடந்த பாட்டு

'தி ட்விஸ்ட்' பாட்டை எழுதியவர் ஹாங்க் பல்லார்ட் என்ற அமெரிக்கப் பாடகர். தன் குழுவான மிட்நைட்டர்ஸுடன் சேர்ந்து 1958 நவம்பரில் சின்சினாட்டியில், கிங் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். 1959-ல் அது கிங் 5171 என்ற எண்ணில் வந்தபோது முன்பக்கத்தில் இருந்தது 'டியர்டிராப்ஸ் ஆன் யுவர் லெட்டர்' என்ற உருக்கமான பாட்டு. 'தி ட்விஸ்ட்' பின்பக்கத்தில், அதாவது பி பக்கத்தில். ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற கறுப்பின அமெரிக்கர்களின் இசை வகைக்கான பிரபலப் பாட்டுப் பட்டியலில் முன்பக்கம் 4-வது இடம் வரை போனது, பின்பக்கம் 16 வரை. வேறு யாரும் கையில் எடுக்காமல் இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

எடுத்தது ஃபிலடெல்ஃபியா. அங்கிருந்துதான் டிக் கிளார்க் நடத்திய, இளைஞர்கள் ஆடும் நிகழ்ச்சியான 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளூர் நிறுவனமான கேமியோ-பார்க்வே, எர்னஸ்ட் எவன்ஸ் என்ற பதினெட்டு வயதுப் பையனை அதே பாட்டைப் பாடவைத்தது. சப்பி செக்கர் என்ற பெயர் அவருக்குக் கிளார்க்கின் மனைவி வைத்தது. ஃபேட்ஸ் டோமினோ என்ற புகழ்பெற்ற பாடகரின் பெயருக்கு எதிரொலி மாதிரி: ஃபேட் என்றால் குண்டு, சப்பி என்றால் கொழுகொழு; டோமினோ, செக்கர் இரண்டும் விளையாட்டுகளை நினைவூட்டும் பெயர்கள். புதிய பதிவு பல்லார்டின் பதிவை அச்சு அசலாகப் பின்பற்றியது. வானொலியில் முதல் தடவை கேட்ட பல்லார்ட், தன் குரல்தான் என்று நினைத்துவிட்டார்.

1960 ஆகஸ்ட் 6 அன்று டிக் கிளார்க்கின் சனிக்கிழமை நிகழ்ச்சியில் செக்கர் அதை ஆடிப் பாடினார். செப்டம்பர் 19-ல், அமெரிக்காவின் வாராந்திரப் பிரபலப் பாட்டுப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100-ல் முதலிடம். அது பள்ளிப் பிள்ளைகளின் அலை. 1961 இலையுதிர் காலத்தில் இரண்டாவது அலை எழுந்தது. நியூயார்க்கின் மேற்கு 45-வது தெருவில் இருந்த பெப்பர்மின்ட் லவுஞ்ச் என்ற சின்ன விடுதிக்கு நட்சத்திரங்களும் பணக்காரர்களும் வரத் தொடங்க, பெரியவர்களும் ஆட ஆரம்பித்தார்கள். அதே ரெக்கார்டு 1962 ஜனவரி 13-ல் மறுபடியும் முதலிடத்துக்கு வந்தது. இறங்கிப் போன பாட்டு ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துத் திரும்ப உச்சிக்கு வருவது, கிறிஸ்துமஸ் பாட்டுகளைத் தவிர்த்தால், மிகமிக அரிது. அது இறங்கிய கையோடு, ஜனவரி 27-ல், அந்த விடுதியின் சொந்தக் குழுவான ஜோயி டீ அண்ட் தி ஸ்டார்லைட்டர்ஸ் 'பெப்பர்மின்ட் ட்விஸ்ட்' பாட்டோடு முதலிடத்தில் ஏறி மூன்று வாரம் இருந்தது.

இதில் புதுமை ஒன்று உண்டு. அதுவரை பிரபலமாக இருந்த ஜோடி நடனங்களில் கை கோக்க வேண்டும், ஒருவர் இழுக்க மற்றவர் பின்தொடர வேண்டும். ட்விஸ்டில் எதிரெதிரே நின்றால் போதும், தொட வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், பாட்டின் வரியோ கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறது. ஆட்டத்தில் யாரும் பிடிப்பதில்லை.

தரையும் செருப்பும்

ஆடுவதற்கு முன் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ட்விஸ்டில் முன்பாதம் தரையில் தேய்ந்து சுழல வேண்டும். அது சுழலாவிட்டால், இடுப்பு கொடுக்கும் திருகலை முழங்கால்தான் வாங்கிக்கொள்ளும். முழங்கால் மடக்கி நீட்டத்தான் படைக்கப்பட்டது, திருகுவதற்கு அல்ல.

ரப்பர் அடி போட்ட ஓட்டக் காலணி இதற்கு ஆகவே ஆகாது. அது தரையைக் கவ்விப் பிடிக்கும். தோல் அடி போட்ட ஷூ மிக நல்லது. வழவழப்பான கெட்டி அடியும் பரவாயில்லை. மொசைக், வழுவழு டைல்ஸ், சிவப்பு ஆக்சைடு தரை என்றால் வெறுங்காலே போதும், ஆனால் காலில் ஈரமோ வியர்வையோ இருந்தால் தோல் ஒட்டிக்கொண்டு சுழலாது, துடைத்துவிட்டு ஆடுங்கள். காலுறை மட்டும் போட்டு மொசைக் தரையில் ஆடினால் எதிர்ப்பிரச்சினை: எடையை மாற்றும்போது கால் விலகி ஓடும். சொரசொர சிமென்ட், மொட்டைமாடித் தளம், கார்ப்பெட் மூன்றும் வேண்டாம். தரையில் பவுடர் தூவும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஒருவருக்கு உதவுகிற பவுடர் அடுத்தவரை வழுக்கி விழவைக்கும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை: ஒற்றைக் காலின் முன்பாதத்தில் லேசாக எடை வைத்துக் குதிகாலை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆட்டுங்கள். முழங்காலில் இழுப்பு எதுவும் தெரியாமல் பாதம் திரும்பினால் அந்தத் தரையும் அந்தக் காலணியும் பொருந்துகின்றன.

ஒருவருக்கு மூன்றடிக்கு மூன்றடி இடம் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் சாமான்களை ஓரம் தள்ளினால் பத்துப் பேர் தாராளமாக ஆடலாம். கைமுட்டி இடிக்காது.

படி 1: நிற்பது

தோள் அகலத்துக்குக் கால்களை விரித்து நில்லுங்கள். ஒரு கால் மற்றதைவிட அரைப் பாதம் முன்னே இருக்கட்டும்; எந்தக் கால் என்பது உங்கள் வசதி. முழங்கால்களைத் தளர்த்தி மடக்குங்கள். நாற்காலியில் உட்காரப் போகும்போது முதல் இரண்டு அங்குலம் இறங்குவோமே, அவ்வளவு. இப்போது எடையைக் குதிகாலிலிருந்து முன்பாதத்துக்குக் கொண்டுவாருங்கள். குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் இடைவெளி போதும். நுனிக்காலில் எம்பி நிற்பது வேறு. அப்படி நின்றால் கெண்டைக்கால் ஒரே நிமிடத்தில் இறுகிவிடும்.

படி 2: கால் மட்டும்

கைகளை மறந்துவிடுங்கள். முன்பாதங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, இரண்டு குதிகால்களையும் சேர்த்து வலப்பக்கம் தள்ளுங்கள். முழங்கால்களும் இடுப்பும் தானாக இடப்பக்கம் திரும்பும். அடுத்து குதிகால்கள் இடப்பக்கம். இதுதான் மொத்த நடனமும்.

அளவு முக்கியம். உங்கள் கால் பெருவிரல் ஒரு கடிகாரத்தின் 12-ஐக் காட்டுகிறது என்று வையுங்கள். அது 11-லிருந்து 1 வரை போய் வந்தால் போதும். 10-லிருந்து 2 வரை வீசுபவர்கள் தாளத்தைப் பிடிக்க முடியாமல் தவிப்பார்கள், முழங்காலும் பாதமும் வேறு வேறு திசையில் இழுபடும். எப்போது பார்த்தாலும் முழங்கால் பெருவிரல் காட்டும் பக்கமே பார்க்க வேண்டும். கண்ணாடி முன் நின்று இதை மட்டும் கவனியுங்கள்.

படி 3: மேலுடம்பு எதிர்ப்பக்கம்

முழங்கையை மடக்கி, கைகளை இடுப்புக்குச் சற்று மேலே, உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். இடுப்பு இடப்பக்கம் திரும்பும்போது தோளும் கைகளும் வலப்பக்கம் போக வேண்டும். இந்த எதிர்ச்சுழற்சி அலங்காரத்துக்காக அல்ல. கீழே ஒரு பக்கம் திருகும் விசையை மேலே எதிர்ப்பக்கம் திருகும் கை சமன்செய்வதால்தான் உடம்பு நடுவில் நிலையாக நிற்கிறது. நடக்கும்போது வலக்காலுக்கு இடக்கை முன்னே வருகிறதே, அதே கணக்கு.

புதிதாக ஆடுபவர்களிடம் அடிக்கடி பார்க்கும் தவறு, இடுப்பும் தோளும் ஒரே பக்கம் திரும்புவது. அப்போது ஆள் முழுசாகக் கதவு மாதிரி திறந்து மூடுவார், ட்விஸ்ட் இருக்காது. இதற்கு நல்ல மருந்து ஒரு நிஜத் துண்டு. இடுப்புக்குப் பின்னால் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே காலை ஆட்டிப் பாருங்கள். வலக்கை முன்னே இழுக்கும்போது வலது இடுப்பு பின்னே போகிறதா என்று கவனியுங்கள். பத்து நிமிடத்தில் உடம்புக்குப் பழகிவிடும். தலை மட்டும் எதிரே இருப்பவரைப் பார்த்தபடி அசையாமல் இருக்கட்டும். தலையும் சேர்ந்து ஆடினால் சீக்கிரம் கிறுகிறுக்கும்.

படி 4: தாளத்தில் ஏறுவது

ஒரு ரெக்கார்டின் வேகத்தை அறிய 15 வினாடியில் எத்தனை பீட் விழுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். செக்கரின் 'தி ட்விஸ்ட்' நிமிடத்துக்குச் சுமார் 160 பீட் அருகே ஓடும். தேர்ந்தவர்கள் ஒரு பீட்டுக்கு ஒரு பக்கம் திரும்புவார்கள். தொடக்கத்தில் இரண்டு பீட்டுக்கு ஒரு பக்கம் போதும். பார்க்கவும் நன்றாகவே இருக்கும்.

ரெக்கார்டு சுழற்றும் கருவியான டர்ன்டேபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சுலப வழி: நிமிடத்துக்கு 45 சுற்று ஓட வேண்டிய ரெக்கார்டை 33⅓ வேகத்தில் ஓட்டுங்கள். 160 பீட் ஏறக்குறைய 118 ஆகிவிடும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும், ஆனால் டிரம்ஸ் எங்கே விழுகிறது என்பது தெளிவாகக் கேட்கும். இரண்டாவது, நான்காவது பீட்டில் ஸ்னேர் டிரம் பளிச்சென்று அடிக்கும். திருகல் முடியும் இடம் அந்த அடியில் விழ வேண்டும். மெதுவான வேகத்தில் இது பிடிபட்ட பிறகு 45-க்கு மாற்றுங்கள்.

படி 5: பாட்டின் வடிவத்தில் ஆடுவது

பலர் பாட்டு முழுக்க ஒரே மாதிரி ஆடிக் களைத்துப்போவார்கள். 'தி ட்விஸ்ட்' பன்னிரண்டு பார் ப்ளூஸ் வடிவத்தில் அமைந்த பாட்டு. நான்கு பீட் சேர்ந்தால் ஒரு பார். பன்னிரண்டு பாருக்கு 48 பீட். 160 வேகத்தில் ஒரு சுற்று 18 வினாடி. இரண்டரை நிமிடப் பாட்டில் எட்டுச் சுற்று கிடைக்கும்.

ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் பேஸ் கிட்டாரைக் கவனியுங்கள். முதல் நான்கு பார் ஒரே சுரத்தில் நிற்கும். ஐந்தாவது பாரில் மேலே ஏறும், ஏழாவதில் பழைய இடத்துக்குத் திரும்பும். ஒன்பதாவதில் இன்னும் மேலே எகிறி, படிப்படியாக இறங்கி முடியும். இதுவே உங்கள் ஆட்டத்துக்கு வரைபடம்:

முதல் நான்கு பார்: அடிப்படை ட்விஸ்ட், நடுவில்.

ஐந்தும் ஆறும்: எடையை முன்காலுக்கு மாற்றி இடுப்பிலிருந்து முன்னே சாயுங்கள். ஏழு, எட்டு: பின்காலுக்கு மாற்றிப் பின்னே சாயுங்கள். பின்னே சாயும்போது முழங்கால் மடிய வேண்டும், முதுகு வளையக் கூடாது. இடுப்புப் பிடிப்பு வருவது இங்கேதான்.

ஒன்பதாவது பார்: முழு எடையும் ஒரு காலில். மற்ற காலைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, அதன் முழங்காலையும் அதே தாளத்தில் ஆட்டுங்கள். பத்தாவதில் இறக்கிவிடுங்கள்.

கடைசி இரண்டு பார்: மீண்டும் நடுவில், சின்னதாக. மூச்சு விட இதுதான் இடம்.

தரை மட்டத்துக்கு இறங்கி எழும் அசைவை ஒரு பாட்டில் ஒரு தடவைக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். எட்டு பீட்டில் இறங்கி எட்டு பீட்டில் ஏற வேண்டும். தொடை தரைக்கு இணையாக வந்ததும் நிறுத்துங்கள். அதற்குக் கீழே உட்கார்ந்து திருகினால் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு நசுங்கும். ஏற்கெனவே முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்கவே வேண்டாம். நின்று ஆடும் ட்விஸ்டில் குறை ஒன்றும் இல்லை.

எந்த ரெக்கார்டை எந்த வரிசையில்

முதலில் 'ஸ்லோ ட்விஸ்டின்'. 1962-ல் செக்கர், டீ டீ ஷார்ப்புடன் சேர்ந்து பாடியது. அமெரிக்கப் பட்டியலில் 3-வது இடம் வரை போனது. பெயரே சொல்வது போல நிதானமானது. இடுப்பும் தோளும் எதிரெதிரே போகப் பழக இதைவிட ஏற்ற ரெக்கார்டு இல்லை. அடுத்து 'தி ட்விஸ்ட்'. அதன் பிறகு 1961-ல் கால் மேனும் டேவ் அப்பெலும் எழுதிய 'லெட்ஸ் ட்விஸ்ட் அகெய்ன்'. போன கோடையில் ஆடியது போல மறுபடி ஆடலாம் என்று அழைக்கும் பாட்டு. அமெரிக்காவில் 8-வது இடம், பிரிட்டனில் 1962-ல் 2-வது இடம். பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் ட்விஸ்ட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். பிரான்ஸில் ஜானி ஹாலிடே 1961-லேயே பிரெஞ்சில் பாடிவிட்டார்.

சாம் குக்கின் 'ட்விஸ்டின் தி நைட் அவே' (1962) ஆடுவதற்கு மிகவும் இதமானது. ஒரு விடுதியில் யார் யார் எப்படி ஆடுகிறார்கள் என்று வர்ணிக்கும் பாட்டு. குரல் அவசரப்படாது, டிரம்ஸ் மட்டும் ஓடும். அந்த இரண்டு வேகத்தையும் உடம்பில் பிரித்துக் காட்டலாம்: கால் டிரம்ஸுக்கு, கையும் தோளும் குரலுக்கு. இது கைவந்துவிட்டால் நீங்கள் ட்விஸ்ட் கற்றுக்கொண்டாயிற்று.

'பெப்பர்மின்ட் ட்விஸ்ட்' அசைவைச் சொல்லியே கொடுக்கிறது: மூன்று எண்ணி ஓர் உதை, மறுபடி மூன்று எண்ணி ஒரு குதி. ரூலெட் நிறுவனத்தின் அந்த ரெக்கார்டில் முதல் பகுதி, இரண்டாம் பகுதி என்று இரு பக்கமும் ஒரே பாட்டு. பட்டியலில் ஏறியது முதல் பகுதி. உதைக்கும்போது கால் முழங்காலுக்கு மேலே போகக் கூடாது, பக்கத்தில் ஆள் இருப்பார்.

'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' தனி ரகம். ஃபில் மெட்லியும் பெர்ட் பெர்ன்ஸும் எழுதியது. 1961-ல் டாப் நோட்ஸ் பாடியபோது எடுபடவில்லை. 1962-ல் ஐஸ்லி பிரதர்ஸ் பாடி 17-வது இடம் கண்டது. பீட்டில்ஸ் 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் தங்கள் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தபோது, ஜான் லெனனின் தொண்டை தாங்காது என்று இதைக் கடைசிக்கு வைத்தார்கள். இது பன்னிரண்டு பார் பாட்டு அல்ல. மூன்று கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) லத்தீன் சாயலில் சுற்றிச் சுற்றி வரும், வேகமும் குறைவு. எனவே திருகலைப் பெரிதாக, 10-லிருந்து 2 வரை விடக்கூடிய ஒரே ரெக்கார்டு இது. பாதமும் முழங்காலும் சேர்ந்தே திரும்ப வேண்டும், அவ்வளவுதான். நடுவில் குரல்கள் ஒவ்வொன்றாக 'ஆ' என்று படியேறும் இடம் வரும்போது தாழ்ந்து காத்திருந்து, ஒவ்வொரு குரலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எழுங்கள். கூட்டம் முழுக்க ஒன்றாக எழுந்தால் அறையே நிமிர்வது போல இருக்கும்.

பாட்டு வரி இல்லாமல் ஆட விரும்பினால் கிங் கர்ட்டிஸின் 'சோல் ட்விஸ்ட்' (1962). சாக்ஸபோன்தான் பாடகர். ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கேரி யு.எஸ். பாண்ட்ஸின் 'டியர் லேடி ட்விஸ்ட்', 'ட்விஸ்ட் ட்விஸ்ட் செனோரா' இரண்டும் கூட்டம் சேர்ந்த பிறகு போடுவதற்கு. விருந்துச் சத்தத்தோடு பதிவான மாதிரியே ஒலிக்கும்.

1961-62-ல் ட்விஸ்ட் என்ற சொல் விற்றதால் பழைய பாட்டுகளைக்கூட அந்தப் பெயரில் கட்டி விற்றார்கள். ரே சார்ல்ஸின் முந்தைய பதிவுகளைத் தொகுத்து 'டு தி ட்விஸ்ட் வித் ரே சார்ல்ஸ்' என்று அட்லாண்டிக் 1961-ல் வெளியிட்டது. பாட்டுகள் அருமை, ஆனால் ட்விஸ்டுக்காகச் செய்தவை அல்ல. அட்டையில் ட்விஸ்ட் என்று போட்டிருக்கிறதே என்று வாங்காமல், வேகத்தை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

இந்த அலை நம் ஊருக்கும் வந்தது. 1965-ல் 'பூத் பங்களா' இந்திப் படத்தில் ஆர்.டி. பர்மன் இசையில் மன்னா டே பாடிய ட்விஸ்ட் பாட்டு 'லெட்ஸ் ட்விஸ்ட் அகெய்ன்' மெட்டைத் தழுவியது. 1966-ல் 'அன்பே வா' படத்தில் எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் வந்த 'நாடோடி' பாட்டில் எம்.ஜி.ஆர். ட்விஸ்ட் ஆடுவார். மேலே சொன்ன படிகளைப் பழகிவிட்டு அதைப் பாருங்கள், எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது இப்போது கண்ணில் படும்.

அசல் எது, மறுபதிவு எது

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கேமியோ-பார்க்வே பதிவுகள் பல பத்தாண்டுகள் கடைக்கு வராமல் முடங்கிக் கிடந்தன. 2005-ல் ஏபிகேகோ நிறுவனம் தொகுப்பாக வெளியிட்ட பிறகுதான் அவை முறையாக சிடியில் கிடைத்தன. அந்த இடைவெளியை நிரப்பியவை, செக்கர் பிற்காலத்தில் திரும்பப் பாடிய பதிவுகள். ஆன்லைனில் இன்றும் அவை அசலோடு கலந்து கிடக்கின்றன. அசல் மோனோவில், அதாவது இடம் வலம் பிரியாத ஒற்றை ஒலியில், டிரம்ஸும் சாக்ஸபோனும் குரலும் ஒரே கட்டியாக நெஞ்சில் மோதும். மறுபதிவில் கருவிகள் இடம் வலமாகப் பிரிந்து, டிரம்ஸ் மெருகேறி, குரல் கனத்து இருக்கும். ஆட நின்றால் வித்தியாசம் காலிலேயே தெரியும். அந்தக் கட்டியான ஒலிதான் ஆளைத் தள்ளும். ஏபிகேகோ பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 1988-ல் ஃபேட் பாய்ஸ் குழுவோடு செக்கர் பாடிய ராப் வடிவமும் உண்டு, அது வேறு பாட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டாக வாங்குபவர்களுக்கு: 'தி ட்விஸ்ட்' ரெக்கார்டின் எண் பார்க்வே 811. 1960-ல் வந்த பிரதியின் பின்பக்கத்தில் 'டூட்' என்ற பாட்டு இருக்கும். இரண்டாவது அலையில் வந்த பிரதிகளில் 'ட்விஸ்டின் யு.எஸ்.ஏ.' இருக்கும். முன்பக்கம் ஒன்றே என்பதால் ஆடுவதற்கு இரண்டாவது போதும், விலையும் அனேகமாக அனுசரணையாக இருக்கும்.

அந்தக் கால அமெரிக்க 45-களில் இரண்டு பொருள் உண்டு: வினைல், பாலிஸ்டைரீன். நகத்தால் விளிம்பை மெல்லத் தட்டினால் ஸ்டைரீன் கணீரென்று கூர்மையாகக் கேட்கும், வினைல் மொத்தென்று ஒலிக்கும். ஸ்டைரீன் வளையாது, வளைத்துப் பார்த்தால் உடையும். தேய்ந்த ஊசி ஸ்டைரீன் வரிகளை வெகு சீக்கிரம் அரித்துவிடும். பிறகு பாட்டுக்கு அடியில் கரகரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும். அதைக் கழுவிப் போக்க முடியாது. பளபளப்பைப் பார்த்து வாங்காமல், ஓட்டிக் கேட்டு வாங்கச் சொல்வது இதனால்தான்.

கழுவ, காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் போதும். மென்மையான துணியால் வரிகளின் வட்டத்திலேயே துடையுங்கள், நடுக் காகிதம் நனையக் கூடாது. ஆல்கஹால் கலந்த கரைசலை ஸ்டைரீன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நிமிர்த்தி வைத்து உலர்த்துங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் ரெக்கார்டை விட்டால் அரை மணியில் அலை அலையாக நெளிந்துவிடும்.

ஓட்டும்போது

அமெரிக்க 45-களின் நடுத்துளை 38 மில்லிமீட்டர். டர்ன்டேபிளின் கம்பி மெல்லியது, எனவே நடுவில் அடாப்டர் வேண்டும். தளர்ந்த அடாப்டர் போட்டால் ரெக்கார்டு மையம் விலகிச் சுழலும். ஊசிக் கை இடமும் வலமும் ஊசலாடும், சாக்ஸபோன் நீளும் இடங்களில் சுரம் அலைந்து அலைந்து கேட்கும். இறுக்கமான, உலோக அடாப்டர் வாங்கிவிடுங்கள்.

ஆட்டம் சூடு பிடிக்கும்போது ஊசி குதிக்கும். பத்துப் பேர் ஒரே தாளத்தில் தரையை மிதித்தால் மேசையும் சேர்ந்து ஆடும். காங்கிரீட் தரையில் குறைவு, மாடியிலும் மரத்தளத்திலும் அதிகம். சுவரில் ஆணியடித்துப் பொருத்திய அலமாரியில் டர்ன்டேபிளை வைப்பதே உறுதியான தீர்வு. முடியாவிட்டால் கனமான மேசை, அதன் மேல் ஒரு கடப்பாக் கல், அதன் கீழே ரப்பர் துண்டுகள். ஸ்பீக்கரை அதே மேசையில் வைக்காதீர்கள், அதிர்வு ஊசிக்குத் திரும்பி ஊம் என்று இரையும். ஊசி ரெக்கார்டை அழுத்தும் எடையை, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் மேல்முனையில் வையுங்கள். 2 முதல் 3 கிராம் என்றால் 3. குதிக்காமல் இருக்க மேலே நாணயம் வைக்கும் பழைய வேலை வேண்டாம். ஒரு ரூபாய் நாணயம் மூன்று நான்கு கிராம் இருக்கும். ஊசி அழுத்தம் இரட்டிப்பாகி, அந்த ஒரே இரவில் ரெக்கார்டு தேய்ந்துபோகும்.

வேகக் கட்டுப்பாடு உள்ள டர்ன்டேபிளில் வயதானவர்கள் ஆடும்போது 8 சதவீதம் குறைத்துவிடுங்கள். 160 பீட் 147 ஆகும். பாட்டின் சுவை கெடாது, மூச்சு தாங்கும்.

இருபது நிமிடத்துக்கு எட்டு ரெக்கார்டு கணக்கு. இரண்டு வேகமான பாட்டுக்கு ஒரு நிதானமான பாட்டு என்று கோத்துக்கொள்ளுங்கள். உச்சத்துக்கு 'பெப்பர்மின்ட் ட்விஸ்ட்', அதன் பிறகு எல்லாரையும் ஒன்றாக எழுப்பும் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்', கடைசியாக மறுபடி 'ஸ்லோ ட்விஸ்டின்'. அது ஓடும்போது திருகலை 11-லிருந்து 1-க்குச் சுருக்கி, எடையை மெல்லக் குதிகாலுக்கு இறக்கிக்கொண்டே வாருங்கள். சட்டென்று நின்றால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.